கடைசி வாய்

எங்கள் அப்பா இறந்தபோது சபையில் அவருக்கு நினைவுக் கூட்டம் வைத்தார்கள். மேடை ஏறியவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள். தாழ்மையின் வடிவமாம். கடைசி இடத்தைத் தானே விரும்பிக் கேட்டு வாங்கிக்கொண்டவராம். ஒருவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டு வாங்கிக்கொண்டாராம்! அந்த இடத்தை அவருக்கு யார் கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள் என்று நன்றாகத் தெரிந்த ஐந்தாறு பேர் அன்று அங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வட ஆற்காட்டிலிருந்து பெங்களூர் கண்டோன்மென்ட்டுக்குப் பிழைக்க வந்த குடும்பம். அல்சூரில் வரிசையாகக் கட்டிய ஓட்டு வீடுகளில் ஒன்றில் இருந்தோம். நைனா ராணுவ உடுப்புக் கிடங்கில் தையல்காரர். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குத் தைத்துக்கொண்டிருந்தவர், அவர்கள் கப்பல் ஏறியதும் நம் சிப்பாய்களுக்குத் தைத்தார். அளவுதான் கொஞ்சம் குறைந்தது என்பார். சுதந்திரம் வந்த மறுவருஷம் பிறந்தவள் நான். ஒரே பெண். என் பாவாடை சட்டை எல்லாம் அவர் கையால் தைத்தவை. பள்ளிக்கூடத்தில் என்னைப்போல் உடுப்பு போட்ட பெண் வேறு யாரும் கிடையாது.

சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிடங்கு சங்கு ஊதினால் மற்ற அப்பாக்கள் வீட்டுக்கு வருவார்கள். எங்கள் நைனா சைக்கிளைத் திருப்பிக்கொண்டு டி.பி. நோயாளிகளின் வீடுகளுக்குப் போவார். ஊசி மருந்து வந்துவிட்ட காலம்தான், ஆனாலும் அந்த வியாதியின் பேரைச் சொன்னாலே ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஒரு வீட்டில் அது இருப்பது வெளியே தெரிந்தால் வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், வேலை போகும், அந்த வீட்டுப் பெண்ணை யாரும் கட்டமாட்டார்கள். அதனால் நோயாளியைப் பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டி, ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவிடுவார்கள். அல்சூர், தொம்மலூர், அப்போது வயலும் வரப்புமாக இருந்த ஈஜிபுரா என்று எங்கெங்கோ இப்படி அறைகள் இருந்தன. நைனா பின்வாசல் வழியாக உள்ளே போவார். நோயாளி சளி துப்பி வைத்திருக்கும் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பார். டப்பாவை வெந்நீரில் கழுவிப் பினாயில் ஊற்றி வைப்பார். வாயைத் துடைத்துவிட்டு, படுக்கையை உதறிப் போட்டு, ஒரு ஜெபம் சொல்லிவிட்டு வருவார். இந்து வீடு, துலுக்க வீடு, நம் சபை வீடு என்று பார்த்ததில்லை. ஜெபம் வேண்டாம் என்ற வீட்டில் சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவார்.

யார் வீட்டுக்குப் போகிறார் என்று அம்மாவுக்குக்கூடச் சொல்லமாட்டார். வீட்டு ஜெபத்தில் அத்தனை பேருக்காகவும் வேண்டிக்கொள்வார், ஆனால் பெயர் வராது. "ஆண்டவரே, கிணற்றடி வீட்டு மகளுக்கு இளைப்பைக் குறைத்தருளும். ரெண்டு மாமரத்து வீட்டு அப்பாவுக்குத் தூக்கம் கொடும்." அம்மா ஆமென் சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்ததும் கிண்டல் செய்வாள்: "பேரு சொல்லாம வேண்டிக்கினா எந்த வூட்டுக்குன்னு அவரு தேடிக்கினு போறது?" நைனா சிரித்துக்கொண்டே, "அவருக்கு விலாசம் தெரியும், உனக்குத்தான் தெரியக்கூடாது" என்பார்.

நான் நல்ல பெண் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு அவர் கை அருவருப்பு. கொல்லைக் குழாயில் கார்பாலிக் சோப்புப் போட்டு முழங்கை வரை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவார், ஆனாலும் அந்தக் கை என்னென்ன துடைத்துவிட்டு வந்தது என்று எனக்குத் தெரியும். அவர் பிசைந்து கொடுத்த சோற்றை ஒருநாள் தட்டோடு தள்ளிவிட்டேன். "கலெக்டர் வூட்டுப் பொண்ணு" என்று அம்மா மண்டையில் குட்டினாள். அன்றிலிருந்து நைனா எனக்கு எதைக் கொடுத்தாலும் கரண்டியால்தான் எடுத்துப் போட்டார்.

இனி அந்தக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுடையது புராட்டஸ்டன்ட் தமிழ்ச் சபை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை நற்கருணை ஆராதனை. திடப்படுத்தல் ஆனவர்கள், அதாவது பதினான்கு பதினைந்து வயதில் படித்துத் தேறி அத்தியட்சரான பிஷப்பிடம் ஆசீர்வாதம் வாங்கியவர்கள், பீடத்துக்கு முன்னால் வரிசையாக முழங்கால்போடுவார்கள். குருவானவர், அவரை ஐயர் என்போம், ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு அப்பம் வைப்பார். பிறகு வெள்ளிக் கிண்ணம் வரும். உலர்ந்த திராட்சையைக் கொதிக்கவைத்து இறக்கிய ரசம். எல்லாருக்கும் அந்த ஒரே கிண்ணம்தான். ஒருவர் குடித்ததும் ஐயர் விளிம்பை வெள்ளைத் துணியால் ஒரு தடவு தடவி, லேசாகத் திருப்பி, அடுத்தவர் வாயில் வைப்பார். கழுவுவது கிடையாது. மிச்சம் இருந்தால் கீழே கொட்டவும் கூடாது. யாராவது குடித்துத்தான் தீர்க்க வேண்டும்.

ஐயருக்கு அடுத்த வாய் எப்போதும் சபை மூப்பருடையது. பெரிய ஆபீஸில் தலைமை குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், முன் பெஞ்சுக்காரர், கோட்டுப் போடாமல் கோவிலுக்குள் கால் வைக்காதவர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது சபைக் கமிட்டியில் அவர்தான் பேச்சை எடுத்தார். டி.பி.காரர்களைத் தொட்டுவிட்டு வருகிறவர் நடுவில் குடித்தால், அவருக்குப் பின்னால் குடிக்கிறவர்களின் கதி என்ன? நியாயமான கேள்விதான். நேராக வந்து சொல்லியிருந்தால் நைனா கைகட்டிக் கேட்டிருப்பார். ஆனால் அவர்கள் அப்படிச் செய்யவில்லை. மூப்பர் நைனாவின் தோளில் கை போட்டு, "நீங்க பெரிய ஊழியம் பண்றவரு. இனிமே கடைசியா வந்து மிச்சத்தை முடிச்சுக் கொடுக்கற பாக்கியம் உங்களுக்குத்தான்" என்றார். பாக்கியம்! ஒரு மனிதனை ஒதுக்கிவைத்துவிட்டு அதற்கு மாலை போட்டுக் கையில் கொடுக்கிற சாமர்த்தியம் இருக்கிறதே, அதை நினைத்தால் இன்றைக்கும் என் வாயில் எச்சில் ஊறித் துப்பத் தோன்றுகிறது.

நைனா சந்தோஷப்பட்டார் என்பதுதான் என்னால் தாங்க முடியாதது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். அம்மா அரிவாள்மணையை விட்டு எழுந்து, "இதுகூடவா புரியல உங்களுக்கு?" என்று கத்தினாள். "புரியுது. அவங்க பயப்படறாங்க. நான் கடைசியா போனா அவங்க பயமில்லாம குடிப்பாங்க இல்ல?" என்றார். அவருக்கு எல்லாம் புரிந்துதான் இருந்தது. புரிந்தும் சந்தோஷப்பட்டார்.

அப்புறம் மாதாமாதம் பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். அறுபது எழுபது வாய்கள். சுருட்டு வாய், மூக்குப்பொடி ஒழுகும் மீசை, ஈறில் சீழ் வைத்த வாய், புகையிலையைக் கன்னத்திலிருந்து அப்போதுதான் துப்பிவிட்டு வந்த வாய். எல்லாம் நனைந்து, மெல்லாத அப்பத் துணுக்குகள் மிதந்துகொண்டு, அடியில் கலங்கலாக நிற்பதை நைனா இரண்டு கையாலும் வாங்கி அண்ணாந்து குடிப்பார். அதோடு முடியாது. ஐயர் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஒரு சுழற்றுச் சுழற்றிக் கொடுப்பார், அந்தக் கழுவிய தண்ணீரையும் குடிப்பார். நான் தலையைக் குனிந்துகொள்வேன். பக்கத்துப் பெஞ்சுப் பெண்கள் என்னைப் பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி இடிப்பார்கள்.

என் திடப்படுத்தல் வருஷம் அது. நைனா எனக்கு வெள்ளைப் பாவாடையும் தாவணியும் தைத்துக்கொண்டிருந்தார். ஒரு சாயங்காலம் ஊரிலிருந்து மாமா வந்து இறங்கினார். நைனா தொம்மலூர் பக்கம் போகவில்லை, சைக்கிள் ஏரிக்கரைச் சந்தில் நிற்கிறது என்று யாரோ சொல்ல, அம்மா என்னை அனுப்பினாள். சந்தில் ஒரு பெரிய வீட்டின் பின்சுவரில் சைக்கிள் சாய்ந்திருந்தது. கதவு ஒருக்களித்திருந்தது. எட்டிப் பார்த்தேன். குரங்குக் குல்லாயும் கம்பளியும் போர்த்திக்கொண்டு ஒருவர் கட்டிலில் குனிந்து டப்பாவில் துப்பிக்கொண்டிருந்தார். நைனா அவர் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருந்தார். துப்பி முடித்துத் தலையை நிமிர்த்தியபோது பார்த்தால், மூப்பர்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. நைனா பார்த்துவிட்டார். வழியெல்லாம் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வந்தார். ஏரி முனை திரும்பியதும் நின்றார்.

"கண்ணு, பாத்ததை யாருகிட்டயும் சொல்லக்கூடாது."

"அவருதானே உங்களைக் கடைசியில நிக்க வெச்சாரு?"

"அது வேற, இது வேற."

"அவரு முதல்ல குடிக்கிறாரு நைனா. அப்புறம் எல்லாரும் குடிக்கிறாங்க. கடைசியில நீங்க."

"அதை நான் பாத்துக்கினேன். நீ அதை நினைக்காதே. சொல்லமாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லு, சத்தியமெல்லாம் வேணாம்."

சொல்லமாட்டேன் என்று சொன்னேன். என்ன பார்த்துக்கொண்டார், எப்படிப் பார்த்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இன்னொருவருடைய சங்கதியை அவர் சொல்லியிருப்பாரோ என்னவோ.

அடுத்த முதல் ஞாயிறு நான் கண் கொட்டாமல் பார்த்தேன். மூப்பர் கோட்டோடு வந்து முழங்கால்போட்டார். கிண்ணத்தின் தண்டைத் தானே பிடித்து வாயில் சாய்த்தார். ஐயர் துணியால் ஒரு தடவு. அடுத்து மூப்பரின் மனைவி, அடுத்து கமிட்டிச் செயலாளர், அப்புறம் வரிசையாக எல்லாரும். கடைசியில் நைனா. அடுத்த மாதம் நானும் அந்த வரிசையில் இருப்பேன். அந்த மனிதன் வாய் வைத்ததில் என் வாயையும் வைக்க வேண்டும்.

நான் ஏன் சொன்னேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். நைனாவைக் காப்பாற்றச் சொன்னேன் என்று ரொம்ப காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி பொய். மூப்பரை நாலு பேர் முன்னால் நாற வைக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது. என் வாயைப் பற்றிய பயமும் இருந்தது. திடப்படுத்தல் வகுப்பு ஐயர் வீட்டில் நடந்தது. அவர் மனைவி ஐயரம்மாதான் பாடம் கேட்பார். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தி, "என்னம்மா, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? நற்கருணை வாங்கப் போறவ சந்தோஷமா இருக்க வேணாமா?" என்று முகவாயைத் தொட்டார். மூப்பருக்குப் பின்னால் நான் குடிக்கமாட்டேன் என்றேன். ஏன் என்றார். அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். ஐயரம்மா நெஞ்சில் கை வைத்து, இது என்னோடு போகட்டும் என்றார். புதன்கிழமைக்குள் அல்சூரில் நம் சபைக் குடும்பம் ஒன்று பாக்கியில்லாமல் எல்லார் காதுக்கும் சேதி போய்விட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தியட்சர் வந்திருந்தார். புது வெள்ளைத் தாவணியில் நாங்கள் ஒன்பது பெண்கள் உட்கார்ந்திருந்தோம். மூப்பர் வந்து முன் பெஞ்சில் உட்கார்ந்ததும் அதிலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து, குழந்தை அழுகிறது, காற்று வரவில்லை என்று ஏதோ முணுமுணுத்துக்கொண்டு பின்னால் போனார்கள். நற்கருணைக்கு அழைத்தபோது அவர் வழக்கம்போல் எழுந்து போய் முழங்கால்போட்டார். பக்கத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. அவர் மனைவி பெஞ்சிலேயே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள். ஐயர் அப்பத்தைக் கொடுத்தார். கிண்ணத்தைக் கொடுக்கவில்லை. அதைப் பீடத்தில் திரும்ப வைத்துவிட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். மூப்பர் இரண்டு கையையும் நீட்டியபடியே கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு புரிந்துகொண்டு, பீடத்துக்கு முன்னால் இருந்த கம்பியைப் பிடித்து எழுந்தார். நடுவழியாகத் திரும்பி நடந்தார். கடைசிப் பெஞ்சுக்கு வந்ததும் நின்று நைனாவைப் பார்த்தார். நீங்களுமா என்கிற பார்வை. நைனா எழுந்து நின்றார். மூப்பர் வெளியே போய்விட்டார்.

அதற்குப் பிறகு எல்லாரும் வந்து நிம்மதியாகக் குடித்தார்கள். நானும் குடித்தேன். தித்திப்பாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் நைனா என்னை ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "யாருகிட்ட சொன்னே?" சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

"ரெண்டு வருஷமா அவரு குடிக்கிறதே இல்ல கண்ணு. உதட்டுல படவே விடமாட்டாரு. வாயை இறுக மூடிக்கினு கிண்ணத்தைச் சாய்க்கிறதோட சரி. வியாதின்னு தெரிஞ்ச அன்னிக்கே நான் கேட்டுக்கினேன், ஒத்துக்கினாரு. குடிச்சவரு மாதிரி எழுந்து போவாரு, அறைக்குப் போய் என் கையைப் பிடிச்சிக்கினு அழுவாரு."

அந்த மனிதன் மேல் எனக்கு இருந்த அருவருப்பு போய்விடவில்லை. ரெண்டு வருஷத்தில் ஒருநாள் கமிட்டியில் எழுந்து, தையல்காரரை முன்னால் கூப்பிடுங்கள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லையே. ஆனால் அவர் அந்தக் கிண்ணத்தை அசுத்தப்படுத்தவில்லை. நான் போய் உண்மையைச் சொல்கிறேன், நான்தான் சொன்னேன், நீங்கள் சொல்லவில்லை என்று எல்லாரிடமும் சொல்கிறேன் என்று அழுதேன். நைனா தலையை ஆட்டினார். "யாரு சொன்னா என்ன? என் வூட்டுலருந்துதானே போச்சு."

அப்போதும் எனக்கு அதன் முழு அர்த்தம் தெரியவில்லை. அடுத்த வாரம் தெரிந்தது. தொம்மலூரில் ஒரு வீட்டின் பின்கதவு திறக்கவில்லை. இரண்டு நாள் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார். இன்னொரு வீட்டில் மருமகள் வெளியே வந்து, "நாளெயிந்த பர்பேடி அண்ணா" என்று கன்னடத்தில் தணிவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். நாளையிலிருந்து வராதீர்கள் என்பதை மரியாதையாகத்தான் சொன்னாள். ஈஜிபுராவில் ஒரு கிழவர், நீ வந்தால் என் பேத்தியின் கல்யாணம் நின்றுவிடும் என்று கும்பிட்டாராம். நைனாவின் கையில் இருந்தது மருந்தும் இல்லை, மந்திரமும் இல்லை. வாயை மூடிக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கை ஒன்றால்தான் அந்தக் கதவுகள் அவருக்குத் திறந்தன. அதை நான் ஒரு சாயங்காலத்தில் தீர்த்துக்கட்டினேன். மூப்பர் வீட்டுக்கும் போனார். அவர் மகன் முன்வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டான். மழை பிடிப்பதற்குள் மூப்பர் போய்ச் சேர்ந்தார். கடைசி நாட்களில் டப்பாவை யார் எடுத்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது.

நைனா ஐந்தரை மணிக்கெல்லாம் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். வந்து என்ன செய்வது என்று தெரியாமல் வாசலில் நிற்பார். வீட்டு ஜெபம் சின்னதாகிவிட்டது.

ஒரு சனிக்கிழமை கமிட்டிச் செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதுவரை எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர். அம்மா கொடுத்த காப்பியை ரசித்துக் குடித்து, டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"அண்ணே, நாளைக்கு நீங்க முன் பெஞ்சுக்கு வந்துடுங்க. இனிமே கடைசியில நிக்க வேணாம். இப்பதான் நீங்க எங்கயும் போறதில்லையே" என்றார்.

"போறதில்ல. யாரும் விடறதில்ல" என்றார் நைனா. "நான் அங்கயே இருக்கேன்."

செயலாளர் வற்புறுத்தவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பினார். "அப்ப நீயாவது வாம்மா. சபையையே காப்பாத்தினவ நீ. பொம்பளைங்க பக்கம் முன் பெஞ்சுல உனக்கு இடம் போட்டு வைக்கச் சொல்றேன்."

மாட்டேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நைனா என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. அவர் யாரையும் அப்படிச் சொன்னதில்லை. இத்தனை வருஷம் என்னைப் பார்த்து இடித்துக்கொண்ட பெண்களெல்லாம் நான் முன்னால் போய் உட்காருவதைப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது. மறுநாள் வெள்ளைத் தாவணியைக் கட்டிக்கொண்டு போய் முன் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

ஐயருக்கு அடுத்த வாய் என்னுடையது. துடைத்து மின்னிய கிண்ணம், யாரும் தொடாத விளிம்பு. நிறையக் குடித்தேன். எனக்குப் பின்னால் சபை முழுக்கக் குடித்தது. எல்லாரும் முடித்ததும் நைனா கடைசிப் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து, முழங்கால்போட்டு, மிச்சத்தை இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். அதில் என் எச்சிலும் இருந்தது.